'எல்லா லெவலுக்கும்' என்று போட்டிருந்தார்கள்

எலும்பு டாக்டர் என் முழங்காலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "பைக்கா, ஸ்கூட்டியா? எதுல இருந்து விழுந்தீங்க?" என்று கேட்டார். ஸ்கீயிங் போன இடத்தில் விழுந்தேன் என்றேன். வெளியே அண்ணா நகரில் பிப்ரவரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, ஈசிஆர்ல ஐஸ் வெச்சு ஒரு இடம் இருக்கே, அங்கயா?" என்றார். இல்லை சார், காஷ்மீர் என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முழங்காலின் உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது, ஆறு வாரம் பட்டை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் என் அலுவலகத்தில் ஒரு பையன் நான் பார்த்து ஏமாந்த மாதிரியே 'எல்லா லெவலுக்கும்' என்று போட்ட ஒரு ஸ்கீயிங் பயண விளம்பரத்தைக் காட்டி "அக்கா, இது நல்லா இருக்கும்ல?" என்று கேட்டதுதான். அவனிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு 39 வயது. கொளத்தூரில் வீடு, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அக்கா துபாயில் இருக்கிறாள். இரண்டு முறை போனபோது அங்கே மாலுக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் மொத்தம் ஆறு மணி நேரம் சறுக்கியிருக்கிறேன். அங்கே இருப்பதிலேயே நீளமான சரிவு 400 மீட்டர்தான். மேலே கூரை, கீழே மெஷின் வைத்துச் சமன் செய்த பனி, விழுந்தால் தூக்கிவிட ஆள். அதை வைத்துக்கொண்டு நான் ஸ்கீயிங் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். 2023 நவம்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. குல்மார்க்கில் ஆறு நாள் பேக்கன்ட்ரி ஸ்கீயிங், வழிகாட்டியுடன், எல்லா லெவலுக்கும் ஏற்றது, 68,000 ரூபாய். படிவத்தில் உங்கள் நிலை என்ன என்று கேட்டிருந்தார்கள். தொடக்க நிலை, இடைநிலை, தேர்ந்தவர். நான் இடைநிலை என்று டிக் செய்தேன். யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. 34,000 முன்பணம் கட்டினேன், எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காது என்று கடைசி வரியில் இருந்ததைப் படித்துவிட்டேதான் கட்டினேன். அம்மா மட்டும், "சறுக்கி விழறதுக்கு எதுக்குடி அவ்ளோ தூரம், நம்ம பாத்ரூம் போதாதா?" என்றாள்.

பேக்கன்ட்ரி என்றால் என்ன என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்கீ மைதானத்தில் லிஃப்ட் உங்களை மேலே கொண்டுபோய் விடும், சரிவை இயந்திரம் வைத்துச் சமன் செய்திருப்பார்கள், விழுந்தால் பார்க்க ரோந்து ஆட்கள் இருப்பார்கள். பேக்கன்ட்ரியில் இது எதுவும் கிடையாது. காலில் மாட்டும் நீளப் பலகையான ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்று ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டுகிற பைண்டிங்கைக் குதிகால் தூக்க வருகிற மாதிரி தளர்த்திக்கொண்டு, மலைமேல் நீங்களே நடந்து ஏற வேண்டும். அந்தப் பட்டையின் ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், முன்னால் வழுக்கிப் போகும், பின்னால் வழுக்காது. மேலே போய்ச் சேர்ந்ததும் அதை உரித்து மடித்து வைத்துவிட்டு, குதிகாலைப் பூட்டி, யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும். இதில் ஏறுவது பெரிய விஷயமே இல்லை, நல்ல மூச்சும் பொறுமையும் இருந்தால் யாரும் ஏறலாம். 'எல்லா லெவலுக்கும்' என்று விளம்பரத்தில் போடுபவர்கள் இந்த ஏற்றத்தை மனதில் வைத்துத்தான் போடுகிறார்களோ என்று இப்போது தோன்றுகிறது. இறங்குவதற்கு லெவல் வேண்டும்.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினேன். அந்த ஜனவரி முழுக்கக் குல்மார்க்கில் பனியே இல்லை, புல் தெரிகிற படங்கள் செய்திகளில் வந்தன. ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தால், "வந்துடும் மேடம், கவலைப்படாதீங்க" என்றார். மாதக் கடைசியில் ஒரேயடியாகக் கொட்டியது. நல்ல செய்தி என்று நினைத்தால், அதே பனியால் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போகும் என் விமானம் ரத்தானது. டெல்லியில் ஒரு இரவு, ஓட்டலும் டாக்ஸியும் சேர்த்து 5,200. குளிர்காலத்தில் ஸ்ரீநகருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் போக ஒரு நாள், வர ஒரு நாள் கையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் போவதானால் இரண்டு கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒன்று ரத்தானதற்கு இன்னொரு கம்பெனி பொறுப்பேற்காது.

ஸ்ரீநகரில் இறங்கியதும் போன் செத்துவிட்டது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேலை செய்யும். இது காஷ்மீர் போய்வந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு யாரும் சொல்லவில்லை. நெட் இல்லை என்றால் ஜிபே இல்லை, ஜிபே இல்லை என்றால் கையில் இருந்த 3,000 ரூபாய்தான் உலகம். டிரைவர் தன் போனிலிருந்து அம்மாவுக்குப் பேசக் கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்தேனா என்று தெரியாமல் அம்மா அதற்குள் துபாய் வரைக்கும் போன் போட்டிருந்தாள். டங்மார்க் வரை வண்டி ஒழுங்காகப் போனது. அங்கே சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய வேறு வண்டிக்கு மாறி, மீதி 13 கிலோமீட்டரை ஊர்ந்து ஏறினோம்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்காரி, கடல் மட்டத்தில் வாழ்ந்தவள், அன்று ராத்திரி தலைவலி பிளந்தது, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் தாமதமாக வந்ததால் ஓய்வு நாளை ஏற்பாட்டாளர் எடுத்துவிட்டார், மறுநாள் காலையே ஸ்கீ. முடிந்தால் ஸ்ரீநகரில் ஒரு இரவு தங்கிவிட்டு மேலே போங்கள், முதல் நாள் மெதுவாக நடப்பது தவிர எதுவும் செய்யாதீர்கள். தலைவலியோடு மேலும் உயரம் ஏறக்கூடாது என்பது மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரிந்திருந்தது. கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலையில் உபகரணக் கடை. வாடகை நாளுக்கு 2,500, ஐந்து நாளுக்கு முன்னதாகவே 12,500 வாங்கிக்கொண்டார்கள். பூட்ஸ் மாட்டும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் வளைத்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கவே கூடாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நான் நம் ஊர் செருப்புக்கடைப் பழக்கத்தில் வசதியாக இருக்கிற பெரிய சைஸைக் கேட்டு வாங்கினேன். அப்புறம் பைண்டிங். விழும்போது ஸ்கீ காலை விட்டுக் கழன்றுகொள்ளும்படி ஒரு எண்ணில் திருகி வைப்பார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், அதோடு உங்கள் திறமை, இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த எண். திறமை அதிகம் என்று சொன்னால் எண்ணும் ஏறும், ஸ்கீ சுலபத்தில் கழலாது. கடைக்காரர் "இன்டர்மீடியட்?" என்று கேட்டார், நான் தலையாட்டினேன். என் முழங்கால் அந்தத் தலையாட்டலில்தான் போனது என்று இன்றும் நம்புகிறேன்.

குழுவில் என்னோடு சேர்த்து ஏழு பேர். பெங்களூர்க்கார கணவன் மனைவி, மணாலியில் வளர்ந்த இரண்டு பையன்கள், அடிக்கடி வெளிநாட்டில் சறுக்கும் ஒரு மும்பைக்காரர், ஒரு ஆஸ்திரேலியப் பெண். ஒரே ஒரு வழிகாட்டி, கூட உதவிக்கு உள்ளூர்ப் பையன் ஒருவன். புல்வெளிச் சரிவில் எல்லோரையும் பத்து நிமிஷம் சறுக்கச் சொல்லிப் பார்த்தார் வழிகாட்டி. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஸ்கீயின் முனையையும் சேர்த்து V மாதிரி வைத்து பிரேக் போடுவதுதான். அவர் என்னைப் பார்த்தார், ஏற்பாட்டாளரைப் பார்த்தார், இரண்டு பேரும் காஷ்மீரியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு, ஓட்டிடலாம் என்கிற மாதிரி, "சலேகா, மேடம்" என்றார். எனக்கு அரைகுறை இந்திதான் தெரியும், ஆனாலும் அந்த 'சலேகா'வில் ஒரு தயக்கம் இருந்தது புரிந்தது. அந்த நேரத்திலேயே நான் பேசியிருக்க வேண்டும். எனக்கு இது வராது, மைதானத்திலேயே ஒரு பயிற்சியாளரை வைத்துக் கற்றுக்கொள்கிறேன், மீதிப் பணத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ. நாமாவது இத்தனை பேர் முன்னால் பின்வாங்குவதாவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

அன்று மதியம் பீக்கன் பயிற்சி கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் அவர் உடம்பில் கட்டியிருக்கும் கருவி சிக்னல் அனுப்பும், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரைக் கண்டுபிடிக்க வேண்டும், நீளக் குச்சியால் குத்திப் பார்த்து மண்வாரியால் தோண்ட வேண்டும். முதல் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதைத் தாண்டினால் வேகமாகக் குறைந்துவிடும். அதாவது வெளியிலிருந்து உதவி வருவதற்கு நேரமே கிடையாது, கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும். பனியில் புதைத்து வைத்த பையைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது. மும்பைக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்களை நம்பி நான் போறேன் பாருங்க" என்றார். அது ஜோக் இல்லை என்பது அன்று ராத்திரி போர்வைக்குள்தான் உறைத்தது. இந்தக் கருவி இல்லாமல், பயிற்சி கொடுக்காமல் மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

மறுநாள் காட்டுக்குள் ஸ்கின் மாட்டி ஏறினோம். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டரை மணி நேரத்துக்காக மட்டும் இன்னொரு முறைகூடப் போவேன். சத்தமே இல்லை, ஸ்கீ பனியில் உரசுகிற சத்தம் மட்டும், மரத்திலிருந்து அவ்வப்போது பனி பொத்தென்று விழும். பரங்கிமலைப் படிகளில் இரண்டு மாதம் ஏறி இறங்கிய பலன் தெரிந்தது, ஏறும்போது நான் கடைசி இல்லை. ஆனால் அம்மா பாசத்தோடு வைத்த பருத்திப் பனியனை உள்ளே போட்டிருந்தேன். ஏறும்போது வியர்வையில் அது நனைந்து, நின்றதும் முதுகில் ஐஸ் கட்டியை ஒட்ட வைத்த மாதிரி ஆகிவிட்டது. பருத்தி வேண்டவே வேண்டாம், கம்பளியோ செயற்கை நூலோதான். ஏறத் தொடங்கும் முன்பே மேல்சட்டையைக் கழற்றிவிட்டு லேசாகக் குளிர்கிற நிலையில் கிளம்ப வேண்டும், நின்றதும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். அன்று இறங்கியபோது பதினோரு முறை விழுந்தேன். சமன் செய்த பனியில் விழுவது வேறு, இடுப்பளவு மாவுப் பனியில் விழுவது வேறு. கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகிறது. கையில் பிடித்துச் சறுக்கும் இரண்டு கம்புகளையும் பெருக்கல் குறி மாதிரி பனிமேல் படுக்கப் போட்டு, நடுவில் கையை வைத்து எழ வேண்டும் என்று அந்த உள்ளூர்ப் பையன்தான் காட்டினான். ஒவ்வொரு முறையும் மற்ற ஆறு பேரும் கீழே குளிரில் நின்று காத்திருந்தார்கள். நாலாவது முறைக்குப் பிறகு யாரும் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் 68,000 கட்டியவர்கள்தான்.

மூன்றாம் நாள், குல்மார்க் விளிம்பிலிருந்து காடு வழியாக பாபா ரேஷி தர்காவுக்கு இறங்கும் பாதை. "ஈசி ரன்" என்றார்கள். வழிகாட்டி முன்னால் போனார், உதவிப் பையன் நடுவில் பெங்களூர்க்காரர்களோடு போனான், நான் கடைசி. ஒரு திருப்பத்தில் வலது ஸ்கீ பனிக்குள் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, ஸ்கீ கழலவில்லை. முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சரிந்து ஒரு தேவதாரு மரத்தடியில் போய் நின்றேன். அடர்ந்த மரத்தைச் சுற்றி, கிளை மறைக்கிற இடத்தில் பனி கெட்டியாகச் சேராமல் கிணறு மாதிரி குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வரவே முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்தக் குழிக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தேன். கத்தினேன். பனி சத்தத்தைக் குடித்துவிடும், என் குரல் எனக்கே பஞ்சுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி இருந்தது. போன் எடுத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். நாற்பது நிமிஷம் அங்கேயே கிடந்தேன். முருகனில் தொடங்கி, தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டு, கடைசியில் ஊர் பெயர் மட்டும் தெரிந்த அந்த பாபா ரேஷியையும் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பையைத் துவைக்கும்போது பார்த்தேன், மார்புப் பட்டையின் பக்கிளிலேயே ஒரு விசில் இருந்தது. உங்கள் பையிலும் இருக்கலாம், இப்போதே எடுத்துப் பாருங்கள்.

உதவிப் பையன்தான் ஆளைக் காணோமே என்று ஸ்கின் மாட்டித் திரும்ப ஏறி வந்தான். "தீதீ, ஆப் டீக் ஹோ?", அக்கா நல்லா இருக்கீங்களா என்று கேட்டதும்தான் எனக்கு அழுகையே வந்தது. அடிபட்டவரைப் படுக்க வைத்துப் பனியில் இழுத்துப் போகும் ஸ்லெட்ஜ் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் கீழே போய்ச் சேரும்போது கால்விரல் இரண்டில் உணர்ச்சியே இல்லை, அது திரும்ப ஒரு வாரம் ஆனது. ஏற்பாட்டாளர் தன் பக்கம் தவறு இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, படிவத்தில் நீங்கள்தானே இடைநிலை என்று போட்டீர்கள் என்றார். அதற்குப் பதில் இல்லை என்னிடம். ஆனால் ஏழு பேருக்குப் பின்னால் ஒரு ஆள் வைக்காதது என் படிவத்தால் இல்லை.

மறுபடி இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டுவதானால் முதலில் கேட்பது இவைதான்: குழுவில் மற்றவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, கடைசியில் வருபவரோடு யார் இருப்பார்கள், எனக்கு வராவிட்டால் குழுவைப் பிரிப்பீர்களா இல்லை மைதானத்தில் பயிற்சி தருவீர்களா, அடிபட்டால் ஸ்லெட்ஜும் வாக்கிடாக்கியும் எங்கே இருக்கும். மழுப்புகிற மாதிரி பதில் வந்தால் வேண்டாம். 'எந்த நிலையினரும் வரலாம்' என்பது ஒவ்வொரு நிலைக்கும் தனிக் குழு இருந்தால் மட்டுமே உண்மை. இன்னொன்று, பேக்கன்ட்ரிக்கு முன்னால் ஸ்கீயிங்கைச் சாதாரணச் சரிவில் கற்றுக்கொள்ளுங்கள். குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய ஸ்கீயிங் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, உத்தராகண்டில் ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. நான் செலவு செய்ததில் பாதிகூட ஆகியிருக்காது. V பிரேக் இல்லாமல் இரண்டு ஸ்கீயும் இணையாக வைத்து எந்தப் பக்கமும் திரும்பவும் நிற்கவும் வந்த பிறகு மாவுப் பனியைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்குப் பிரிவு ஆள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு 68,000, விமானம் 24,600, டெல்லி இரவு 5,200, உபகரண வாடகை 12,500 (மூன்று நாள்தான் பயன்படுத்தினேன், மீதி தரவில்லை), குளிர் உடை 14,000, முன்கூட்டித் திரும்ப டிக்கெட் மாற்றியது 11,300, ஸ்கேன் 7,500, பட்டை 2,800, பிசியோ இருபது தடவை 12,000, மரத்தடியில் பனிக்குள் தொலைந்துபோன ஒரு கம்புக்குக் கடைக்காரர் பிடித்தது 2,500. மொத்தம் 1,60,400 ரூபாய். பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், அதில் சாகச விளையாட்டு சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. சறுக்கியதோ எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம்.

பட்டையோடு வீட்டில் கிடந்தபோது, பிப்ரவரி 22ஆம் தேதி, குல்மார்க்கில் பனிச்சரிவு என்று செய்தி. ஒரு ரஷ்யர் இறந்துவிட்டார், கூட இருந்தவர்களை மீட்டார்கள். முந்தைய வருஷம் இதே பிப்ரவரி முதல் தேதி குல்மார்க்கின் அஃபர்வட் மலையில் பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்திருந்தார்கள், அதையும் அப்போதுதான் படித்தேன். நெடுநாள் வறண்டு கிடந்த இடத்தில் மெலிதான பழைய பனி சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும், அதன்மேல் ஒரேயடியாகப் புதுப்பனி கொட்டினால் மேல் அடுக்கு பிடிப்பில்லாமல் கிடக்கும், 30 முதல் 45 டிகிரிச் சரிவில் அப்படியே பெயர்ந்து வரும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "பனி வந்துடும், கவலைப்படாதீங்க" என்ற அந்தப் போன் பேச்சு ஞாபகம் வந்தது. டிஜிஆர்இ என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, போகிற வாரம் முழுக்க அதைப் பாருங்கள், இன்றைய எச்சரிக்கை என்ன என்று வழிகாட்டியிடம் தினமும் காலையில் கேளுங்கள். அவர் எரிச்சல்பட்டாலும் கேளுங்கள்.

அந்தக் கம்பு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பணத்தைப் பிடித்துக்கொண்டபோது கடைக்காரர், பனி உருகினால் ஆடு மேய்க்கிறவர்கள் இந்த மாதிரி சாமான்களை எடுத்து வந்து தருவார்கள், கிடைத்தால் உங்கள் காசு உங்களுக்கு என்றார். போகிற போக்கில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஜூன் மாதம் ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது, பச்சைப் புல்மேல் என் கம்பு, கைப்பட்டை மட்டும் வெளுத்திருந்தது. பின்னாலேயே 2,000 ரூபாய் வந்தது. 500 மேய்க்கிற பையனுக்குக் கொடுத்துவிட்டேன் மேடம், சரிதானே என்று கேட்டிருந்தார். சரி என்று போட்டேன்.